புள்ளி இருந்த இடம்

லிஃப்ட்காரர் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அவர் மனைவி மளிகைப் பையை வாசலில் வைத்து மூச்சு வாங்கும்போதெல்லாம், "ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் மேல ஏத்தி விடறீங்க, என்னை மட்டும் படியேற விட்டுட்டீங்க" என்பாள். அவர் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போவார். இருபது வருடமாக இதற்கு அவர் பதில் சொன்னதில்லை. அவளும் பதிலுக்காகச் சொன்னதில்லை.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. லிஃப்டைச் சமன் செய்ய எதிர்எடையாகப் போடும் இரும்புக் கட்டிகளைச் சுமக்கிற எடுபிடியாக அந்தக் கம்பெனியில் சேர்ந்தார். பிறகு மெக்கானிக் ஆனார். இப்போது நாற்பத்தொரு கட்டடங்களின் லிஃப்டுகள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொன்றின் சுபாவமும் அவருக்குத் தெரியும். கண் ஆஸ்பத்திரி லிஃப்ட் ஈரமான நாட்களில் நான்காவது மாடியில் கதவு திறக்க யோசிக்கும். வக்கீல்கள் கட்டடத்தில் இருப்பது ஆள் ஏறியதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கிளம்பும். அவருக்கு ஆகாதது ஒன்றுதான், நாற்காலி. கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும், மனசும் பிடித்துக்கொள்ளும்.

அப்படியிருக்க, ஒரு நாள் எல்லா மெக்கானிக்குகளையும் ஆபீஸில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, போனில் ஒரு ஆப்பை ஏற்றிக் கொடுத்தார்கள். மேப் பார்க்கும் வேலைக்கு என்று புதிதாக வந்திருந்த பெண் விளக்கினாள். அவள் திரையில் ஊர் முழுவதும் விரிந்திருந்தது. ஒவ்வொரு மெக்கானிக்கும் அதில் ஒரு பச்சைப் புள்ளி. கட்டடத்துக்குப் போனதும் போனில் பொத்தானை அழுத்த வேண்டும், நேரம் ஓடத் தொடங்கும். கட்டடத்தைச் சுற்றி ஐம்பது மீட்டருக்கு ஒரு வட்டம். வட்டத்தை விட்டுப் புள்ளி வெளியே போனாலும், பத்து நிமிஷம் சிக்னல் இல்லாமல் போனாலும் நேரம் நின்றுவிடும்.

மேனேஜர் கடைசியாகப் பேசினார். மூன்று மாதக் கணக்கெடுப்பு. ஒரு நாளைக்குச் சராசரி ஆறு மணி நேரத்துக்குக் குறைந்தால் வெளி வேலை கிடையாது. புகார் எடுக்கிற மேஜையில் உட்கார வேண்டும். அவர்களுடைய கட்டடங்களை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். போன் எப்போதும் உடம்போடு இருக்க வேண்டும், வேறு ஆள் கையில் கொடுத்தால் வேலையே போகும்.

அந்த மேப் வந்ததும் முதலில் நடந்தது ஜோடி பிரிந்ததுதான். அதுவரை இரண்டு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருவர் குழியில் இறங்கினால் மற்றவர் மேலே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். திரையில் பார்த்தால் ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகள். "ஒரு வேலைக்கு எதுக்கு ரெண்டு புள்ளி?" என்று மேலிடத்தில் யாரோ கேட்டார்கள். மறுவாரத்திலிருந்து ஆளுக்கொரு பக்கம்.

முதல் மாதம் முடிந்தபோது லிஃப்ட்காரரின் சராசரி மூன்று மணி நாற்பது நிமிஷம்.

காரணம் எளிது. லிஃப்டின் அடியில் ஆள் இறங்குகிற குழி இருக்கிறது, நாலு பக்கமும் கான்கிரீட். அங்கே சிக்னல் எட்டாது. மேலே மெஷின் ரூமில் இரும்புக் கதவு. அங்கேயும் எட்டாது. வேலை இருப்பது இந்த இரண்டு இடத்தில்தான். கம்பெனியிலேயே அதிக மணி நேரம் காட்டியவன் சோபா. நாற்பது வயது, கொஞ்சம் தொப்பை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, லிஃப்டில் இரண்டு முறை ஏறி இறங்கிவிட்டு, மறுபடியும் உட்காருவான். அதனால் வந்த பெயர். அவனுக்கு எட்டே கால் மணி.

"வேலை பாக்காம இருந்தாத்தான்ணே சிக்னல் நல்லாக் கிடைக்குது" என்றான் சோபா. அவன் அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அனுதாபமாகத்தான் சொன்னான்.

லிஃப்ட்காரர் மேப் பெண்ணிடம் போய்ச் சொன்னார். "நீங்க சொல்றது புரியுதுண்ணே. ஆனா நான் மாத்த முடியாது. காரணம்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதுல எழுதுங்க" என்றாள். அவர் ஒரு வாரம் எழுதினார். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

வீட்டில் மனைவிக்கு இதில் பெரிய அனுதாபம் இல்லை. அவள் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். "நான் பதினோரு வருஷமா அந்த மெஷின்ல விரலை வச்சுட்டு உள்ள போறேன். சோப்புல ரேகையே தேஞ்சு போச்சு. சில நாள் நான் நான்தானான்னு அதுக்கே சந்தேகம் வருது. உக்காந்து அழுதேனா?"

"உன்னை எடுத்து வேற நாற்காலில உக்கார வைக்கலையே."

"வச்சா உக்காந்துக்குவேன். வேணாம்னா சொல்லப்போறேன்?"

இரண்டாவது மாதம் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டடத்துக்குப் போனதும் பொத்தானை அழுத்துவார், போனை வாசல் வாட்ச்மேனிடம் கொடுப்பார், வெறுங்கையோடு குழிக்குள் இறங்குவார். புள்ளி வட்டத்துக்குள்ளேயே பச்சையாக உட்கார்ந்திருக்கும். அந்த மாதச் சராசரி ஏழரை மணி நேரத்துக்கு ஏறியது. சில வாட்ச்மேன்கள் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய்விடுவார்கள், அப்போது பத்து நிமிஷம் போகும். அதைக்கூட ஒரு குட்டி பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்து நிறுத்திவிட்டார்.

மூன்றாவது மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது.

அன்று அவர் போனது ஒரு பழைய எட்டு மாடிக் குடியிருப்பு. லிஃப்ட் கீழே கார் நிறுத்துகிற தளம் வரை வரும், அதற்கும் கீழே குழி. போனை வாட்ச்மேனிடம் கொடுத்தார். கீழ்த்தளக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு மரக்கட்டையை இடுக்கில் வைத்தார். ஏணியில் இறங்கி, லிஃப்ட் நகராமலிருக்க சிவப்பு சுவிட்சை அமுக்கினார். துருப்பிடித்த இடங்களைக் கம்பி பிரஷால் தேய்க்க ஆரம்பித்தார்.

கீழ்த்தளத்தைப் பெருக்க வந்த அம்மாள், திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். குழந்தைகள் விழுந்து வைத்தால் என்ன ஆவது என்று நினைத்தாள். பிரஷ் சத்தத்தை மோட்டார் சத்தம் என்று எண்ணிக்கொண்டாள். கட்டையை எடுத்து ஓரமாக வைத்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அவள் பெருக்கிவிட்டுப் போனாள். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

குழிக்குள்ளிருந்து கதவைத் திறக்க ஒரு லீவர் உண்டு. லிஃப்ட்காரர் ஏணியில் ஏறி அதைப் பிடித்து இழுத்தார். லீவர் கையோடு வந்துவிட்டது.

முதலில் கதவைத் தட்டினார். பிறகு குத்தினார். மத்தியான நேரம். கார்கள் எல்லாம் வேலைக்குப் போயிருந்தன. கீழ்த்தளத்தில் ஈ, காக்கை இல்லை. இரண்டு மணிக்கு வாட்ச்மேன் மாறுவார் என்பது நினைவுக்கு வந்தது. புதிதாக வருகிறவருக்குக் கீழே ஒரு ஆள் இருப்பது தெரியாது. தண்ணீர் பாட்டில் மேலே பையில் இருந்தது. அவர் ஏணியின் கடைசிப் படியில் சாய்ந்துகொண்டு யோசித்தார். சிவப்பு சுவிட்ச் அமுங்கியே இருக்கட்டும். லிஃப்ட் ஓடாது. பள்ளிக்கூடம் விட்டு வருகிறவர்கள் படியேற வேண்டியிருக்கும். எட்டாவது மாடிக்காரர் யாராவது கம்பெனிக்குப் புகார் கொடுப்பார். தன் மேல் வரப்போகிற புகாருக்காக அவர் முதல் தடவையாகக் காத்திருந்தார்.

மேலே நடந்ததெல்லாம் அவருக்குப் பிறகு தெரிந்தது. வாட்ச்மேன் வேலை முடிந்து, போன் ஞாபகமில்லாமல், சாப்பாட்டுப் பையோடு அதையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பச்சைப் புள்ளி வட்டத்தை விட்டு வெளியே வந்து, பஸ் ஏறி, ஆற்றைக் கடந்து, ஒரு சந்துக்குள் நுழைந்து நின்றது. மேப் பெண் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

"அவரு தூங்கறாருங்க. எழுந்ததும் சொல்றேன்."

மேப் பெண் போனை வைத்தாள். பிறகு சலவைக்கூடத்துக்குப் போன் போட்டு, லிஃப்ட்காரரின் மனைவியிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"தூங்கறாரா? பகல்லயா?" என்றாள் மனைவி. "அப்ப அது அவரு இல்லம்மா. ராத்திரியே அவருக்குத் தூக்கம் பிடிக்காது. நீங்க போனைத் தேடறீங்க. ஆளைத் தேடுங்க. வேலைக்கு எங்க போனாரோ அங்கதான் இருப்பாரு."

மேப் பெண் இதை மேனேஜரிடம் சொல்வதற்குள் எட்டாவது மாடிக்காரரின் புகார் வந்துவிட்டது. யாரை அனுப்புவது என்பதை ஆப்தான் தீர்மானிக்கும். பக்கத்தில் எந்தப் புள்ளி இருக்கிறதோ அது. இரண்டு தெரு தள்ளி ஒரு வரவேற்பறையில் சோபா உட்கார்ந்திருந்தான்.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. வெளிச்சத்தில் தொப்பைதான் முதலில் தெரிந்தது.

"அண்ணே, நீங்க இங்க என்ன பண்றீங்க? மேப்ல ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க."

"நான் எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியும். கையைக் குடு."

சோபா கை கொடுத்தான். பிறகு தன் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தான். லிஃப்ட்காரர் முழுவதையும் குடித்துவிட்டு, கையிலிருந்த லீவரைக் காட்டினார். சோபா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு குழியை ஒரு தடவை எட்டிப் பார்த்தான்.

மறுநாள் வாட்ச்மேனிடமிருந்து போன் திரும்பி வந்தது, மேனேஜரும் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். லிஃப்ட்காரர் நடந்ததை நடந்தபடி சொன்னார், போனை வாட்ச்மேனிடம் கொடுத்தது உட்பட. முடிந்ததும் மேனேஜர் ஒரு தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க சொன்னதை நான் எழுதினா என்ன ஆகும் தெரியுமா? போனை வேற ஆள்கிட்டக் கொடுத்ததுக்கு உங்க வேலை போகும். குழில ஆளைத் தனியா இறக்கினதுக்கு லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வந்து நிப்பான், என் வேலையும் போகும். யாருக்கு லாபம்?"

"அதுக்கு?"

"மேப்ல என்ன இருக்கோ அதையே எழுதிடுவோம். சொந்த வேலையா மூணு மணி நேரம் வெளிய போயிட்டீங்க. ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். சராசரி ஆறுக்குக் கீழ போகாது, நான் கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன். உங்க நாற்பத்தொரு கட்டடமும் உங்ககிட்டயே இருக்கும்."

லிஃப்ட்காரர் தாளைப் பார்த்தார். அதில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துச் சந்தின் பெயர் அச்சாகியிருந்தது. அவர் அந்தச் சந்துக்குப் போனதேயில்லை.

"அந்த லீவரை மாத்தணும் சார். அதே வயசுல இன்னும் பத்து லிஃப்ட் இருக்கு. எல்லாத்துலயும் மாத்தணும்."

"எந்த லீவர்?"

"உடைஞ்சதுன்னு சொன்னேனே."

"நீங்கதான் அங்க இல்லையே" என்றார் மேனேஜர், குரலை உயர்த்தாமல். "குழிக்குள்ள போகாத ஆளுக்கு லீவர் உடைஞ்சது எப்படித் தெரியும்?"

லிஃப்ட்காரர் அடுத்த நாள் வரை நேரம் கேட்டார். வீட்டில் மனைவியிடம் தாளைக் காட்டினார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, இரண்டு முறை படித்தாள்.

"மூணு மணி நேரம் இன்னொருத்தி வீட்டுல தூங்கினதா கையெழுத்துப் போடப்போறீங்க."

"தூங்கினதா எழுதலை. போனதாத்தான் எழுதியிருக்கு."

"போனவரு முழிச்சுக்கிட்டா இருந்தீங்க? எனக்கு அது பரவால்ல. யாரு கேட்டாலும் நான் சிரிச்சுக்குவேன்." அவள் தாளை மடித்து அவர் கையில் கொடுத்தாள். "நாளைக்கு அந்தக் குழில எவன் இறங்குவான்?"

மறுநாள் காலையில் அவர் ஆபீஸுக்குப் போகாமல் நேரே சோபா இருந்த கட்டடத்துக்குப் போனார். அவன் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

"நான் அந்தக் குழிக்குள்ள போகலைன்னு கையெழுத்துப் போடப்போறேன். அதனால நீ போகணும்" என்றார்.

"நானா? குழிக்குள்ளயா?"

"போய் லீவர் இல்லைன்னு படம் எடுத்து, உன் பேருல ரிப்போர்ட் போடணும். மத்த பத்துலயும் பாக்கணும்னு சேர்த்து எழுதணும். புகாருக்கு வந்த ஆளு நீதான். நீ பார்த்தா அது கணக்குல வரும்."

"அண்ணே, நான் குழியில இறங்கி ஆறு வருஷம் ஆச்சு. ஏணி தாங்குமா?"

"ஏணி தாங்கும். என்னைத் தாங்கிச்சு."

"உங்களுக்கு வயிறு இல்லையே" என்றான் சோபா. ஆனாலும் எழுந்துவிட்டான். முந்தாநாள் பார்த்த லீவர் அவன் மனதிலும் இருந்திருக்க வேண்டும். "சராசரி ஒரு நாளைக்கு அடி வாங்கும். வாங்கட்டும். எட்டே கால் வச்சுக்கிட்டு நான் என்ன பண்ணப்போறேன்."

அவர் போகிற வழியில் ஆபீஸுக்குப் போய், நின்றபடியே கையெழுத்துப் போட்டார். மேனேஜர் உட்காரச் சொன்னார். வேண்டாம் என்றார். அந்தக் கம்பெனியில் இருந்த இருபத்துநான்கு வருடத்தில் தன் பெயரை எழுத அவருக்கு அவ்வளவு நேரம் ஆனதில்லை.

கீழ்த்தளத்தில் கார்கள் இல்லை. சோபா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவி இறங்கினான். லிஃப்ட்காரர் கட்டையை வைக்கவில்லை. கதவின் விளிம்பைக் கையால் பிடித்து, ஒரு காலை இடுக்கில் வைத்து நின்றார். உள்ளே படம் எடுக்கிற வெளிச்சம் இரண்டு முறை மின்னியது.

பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனது. மேப் பெண் லிஃப்ட்காரரைப் போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, சோபா அண்ணன் புள்ளியைக் காணோம். உங்க புள்ளி மட்டும் அங்க நிக்குது. அவரு வெளிய போயிட்டாரா?"

"இல்லம்மா. வேலை பாக்கறான்."

"சரிண்ணே, நான் ஒண்ணும் எழுதலை" என்று வைத்துவிட்டாள்.

சோபா மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினான். சட்டையெல்லாம் கிரீஸ். அவனுடைய இரண்டு கால்களும் தரைக்கு வந்த பிறகுதான் லிஃப்ட்காரர் கதவை விட்டார்.