கண்ணாடியில் ஓடாத மவுஸ்

கேம் விளையாடுபவர்களுக்கென்று வந்த புது மவுஸும் கீபோர்டும் கொழும்பிலிருந்து என் கணினிக் கடைக்கு இறக்கியிருக்கிறேன். கீபோர்டில் எழுத்துகள் நீலமாக எரியும். மவுஸின் பக்கவாட்டில் மேலதிகமாக இரண்டு பொத்தான்கள். எந்த வேலையைப் பழக்கினாலும் செய்யும்.

வவுனியாப் பெடியள் தினமும் வந்து தடவிப் பார்க்கிறார்கள். வாங்குவார் இல்லை.

இன்று ரஜனி வந்தார். கலியாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பவர். விடுவேனா?

"தங்கச்சி, இது சும்மா மவுஸ் இல்லை. தொட்டாலே பறக்கும்" என்று கடையின் கண்ணாடி மேசையில் வைத்து இழுத்துக் காட்டினேன்.

திரையில் அம்புக்குறி அசையவே இல்லை.

"என்னண்ணை, பறந்த களைப்பில நித்திரையோ?"

கடையில் நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வராமல் வந்த ஒரு வியாபாரமும் போகிறதே என்று எனக்கு வியர்த்தது. பிறகுதான் உறைத்தது: மவுஸின் வெளிச்சம் கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். மவுஸ் வந்த பெட்டியின் மூடியையே அதற்கு அடியில் வைத்தேன். அம்புக்குறி பாய்ந்தது.

ரஜனி தானே பிடித்துப் பார்த்தார்.

"இந்தப் பக்கப் பொத்தானுக்கு வெட்டுற வேலையைப் பழக்கலாமோ?"

"ஓம், ஒரு அமத்து. துண்டு போயிடும்."

"அப்ப கட்டித் தாங்கோ. உங்கட தம்பியின்ர கலியாண வீடியோதான் இப்ப என்ர கையில கிடக்கு. முதல்ல உங்கட வாழ்த்துரையில வெட்டிப் பாக்கிறன். எவ்வளவு ஓட்டினாலும் முடியுதில்லை அண்ணை அது!"

சரக்கு விற்றதில் சந்தோஷம்தான். அன்று கலியாண மண்டபத்தில் இருந்து கேட்டவர்கள் இதை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உண்மையைச் சொல்லுங்கள், வெட்டுகிற அளவுக்கா பேசினேன்?