ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காரும் சபின்

சபின் யார் வீட்டுச் சமையலறைக்குள் நுழைந்தாலும் முதலில் ஜன்னலைத் திறக்கிறார். வணக்கம் சொல்வதற்கும் முன்னால். பிறகு தோல்பையிலிருந்து சொந்தச் செருப்பை எடுத்து மாட்டிக்கொள்கிறார்; கட்டம் போட்ட கம்பளிச் செருப்பு, குதிகாலில் தேய்ந்தது. ஜன்னலை ஒட்டிய நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்து, "காபி வாசம் மாடிப்படி வரைக்கும் வந்து கையைப் பிடிச்சு இழுக்குது தங்கச்சி" என்கிறார்.

ருமேனியாவில் இருக்கும் எங்கள் பிரைலா நகரில் இப்படி ஜன்னலைத் திறப்பது லேசான துணிச்சல் இல்லை. ஆகஸ்ட் வெயிலில் பேருந்துக்குள் வெந்து கிடக்கும்போதும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் யாராவது ஒருவர் கத்துவார். குறுக்குக் காற்று பட்டால் காது வலிக்கும், பல் வலிக்கும், கழுத்து பிடித்துக்கொள்ளும், வாய் கோணிப்போகும். படித்தவர், படிக்காதவர் எல்லோரும் இதில் ஒரே கட்சி. அப்படிப்பட்ட ஊரில், ஜனவரிக் குளிரில், அடுத்தவர் வீட்டு ஜன்னலைத் திறக்கிற இந்த மனிதரை மட்டும் யாரும் திட்டுவதில்லை. "எனக்கு உடம்புக்குள்ளயே ஒரு பாய்லர் ஓடுது, வேர்த்துக் கொட்டுது" என்று சட்டைக் காலரைத் தூக்கி விசிறிக்கொள்வார். வீட்டுப் பெண்கள் சிரித்தபடி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள்.

சபின் உரிமம் பெற்ற கேஸ் குழாய்க்காரர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இவரைப் போல ஒருவர் வந்து குழாயையும், வீட்டுக்குச் சூடும் வெந்நீரும் தரும் பாய்லரையும், அதன் புகைக்குழாயையும் சோதித்து முத்திரை குத்தியாக வேண்டும். இல்லையென்றால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். உரிமம் உள்ளவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். எங்கள் கட்டிடத்தில் மட்டும் ஏன் எல்லோரும் இவரையே கூப்பிடுகிறார்கள் என்று எதிர்வீட்டு வியோரிக்கா அக்காவிடம் கேட்டேன்.

"இவருக்கு முன்னால ஒருத்தன் வந்தான்டி. எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி ஒரு மூஞ்சி. ஏணி போட்டு ஏறுறான், டார்ச் அடிக்கிறான், குழாயை மோந்து பாக்குறான். கடைசில பால்கனிக் கண்ணாடியைப் பேத்தாத்தான் கையெழுத்துன்னுட்டான். அவனை அப்புறம் யாரு வாசப்படி ஏற விடுவா? சபின் தங்கம்டி, தங்கம். ஒரு காபி குடிக்கிற நேரம், வேலை முடிஞ்சுது."

வேலை பார்த்தவனுக்கு வாசல் அடைத்துவிட்டது. பார்க்காதவருக்குக் காபியும் பாலாடைக்கட்டி வைத்த அப்பமும். அழைக்கிறவர்களே இப்படித் தேடித் தேடி அழைத்தால், உரிமம் என்பது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வருடக்கணக்கில் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவளுக்கு ஊர் வழக்கம் மறந்துபோச்சு என்கிறார்கள். மறக்கவில்லை. எரிச்சலாக இருக்கிறது.

அவருடைய பையை ஒருநாள் எட்டிப் பார்த்தேன். மேலே செருப்பு. அதன் கீழே வீடு வீடாகக் கொடுத்த மிளகாய் ஊறுகாய், பிளம்ஸ் ஜாம் பாட்டில்கள். ஸ்பேனர் அடியில் எங்கேயோ கிடக்கிறது. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் தூரிகை ஒன்று உண்டு. அது ஈரமாகி எத்தனை காலமோ, முள்ளாக விறைத்திருக்கிறது. கசிவு காட்டும் கருவியும் உண்டு. அதில் பேட்டரி கிடையாது. குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் அதை வெளியே எடுத்து, குழாய் நெடுகக் காட்டி, வாயாலேயே "பீப்... பீப்..." என்பார். குழந்தை சிரிக்கும். பெற்றவள் உருகிப்போவாள். "குழாய் கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு, ஒரு குறை சொல்ல முடியாது" என்று முத்திரையின் மேல் 'ஹா' என்று ஊதி ஒரு குத்து.

இந்த மனிதரை வெறுப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எல்லோர் பெயரும் நினைவு வைத்திருக்கிறார். மூன்றாம் மாடிக் கிழவருக்கு மருந்து வாங்கி வருகிறார். நாய்களுக்குக்கூட இவரைப் பிடிக்கிறது.

நான் தங்கியிருப்பது என் அக்கா ஒதீலியாவின் வீட்டில். அவள் பாய்லர் சமையலறைச் சுவரில் தொங்குகிறது. அதன் புகைக்குழாய் சுவரைத் துளைத்துக்கொண்டு பால்கனிக்குப் போகிறது. முன்பு பால்கனி திறந்து கிடந்தது, புகை வெளியே போனது. இத்தாலியில் வேலை செய்யும் அவள் கணவர் போன கோடை விடுமுறைக்கு வந்தபோது பால்கனியைச் சுற்றிலும் கண்ணாடி போட்டு அறையாக்கிவிட்டார். இப்போது புகை அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்ச் சுற்றிவிட்டு, வேறு வழியில்லாமல் சமையலறைக்கே திரும்புகிறது. மணமில்லாத நஞ்சு அது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். ஜன்னலில் சட்டப்படி வைத்த காற்றுத் துளை ஒன்று இருக்கிறது. அதில் அக்கா ஒரு கம்பளிக் காலுறையைத் திணித்து வைத்திருக்கிறாள்.

குளிர் தொடங்கியதிலிருந்து அவளுக்குத் தலைவலி. அவள் மகள் இலிங்கா, ஏழு வயது, வீட்டுப்பாடத்தின் மேலேயே தலை சாய்த்துத் தூங்கிவிடுகிறாள்.

"எல்லாம் அந்த ஓட்டைக் காத்துதான்டி" என்றாள் அக்கா. "மண்டைக்குள்ள பூந்துடுது."

தலைவலி கூடியதும் இன்னொரு காலுறை திணித்தாள். பிறகு அதன் மேல் டேப் ஒட்டினாள். நான் ஜன்னலைத் திறப்பேன், அவள் மூடுவாள். "நீ கேஸ்காரியா? முத்திரை குத்துறவர் வரட்டும், அவர் சொன்னா கேக்குறேன்" என்றாள். அதனால் அவர் வரும் நாளுக்காகக் காத்திருந்தேன். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும்.

சபின் வந்தார். ஜன்னலைத் திறந்தார். செருப்பு, நாற்காலி, காபி. இலிங்காவுக்கு 'பீப் பீப்'. பாய்லர் பக்கம் கழுத்தைக்கூடத் திருப்பாமல் முத்திரை குத்தினார்.

"அண்ணே, அந்தக் குழாய் எங்க போய் முடியுதுன்னு பாத்தீங்களா?"

"எல்லாக் குழாயும் எங்கயாவது முடியத்தான் செய்யும் நாடோடித் தங்கச்சி."

"கண்ணாடிக்குள்ள முடியுது. ஜன்னல் ஓட்டைல காலுறை இருக்கு. புள்ள உக்காந்த இடத்துல தூங்குறா."

"வளர்ற புள்ள தூங்கும். நான் முத்திரை போட்ட வீட்டுல இதுவரைக்கும் ஒருத்தருக்கு ஒண்ணு ஆனதில்ல, தெரியுமா?"

"நீங்கதான் போன இடத்துலல்லாம் ஜன்னலைத் திறந்து வெச்சுட்டு உக்கார்றீங்களே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வீட்டுக்கு வந்தவர்கிட்ட இப்படியா பேசுவ? மன்னிச்சுக்குங்க அண்ணே, இவ எந்த ஊர்லயும் ஒரு வாரம் நிலைச்சு நின்னதில்ல. சூப் வெச்சிருக்கேன், சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

இறைச்சி உருண்டை போட்ட புளிப்பு சூப் என்றால் சபின் எழ மாட்டார். அக்கா தட்டு வைத்தாள். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.

"இன்னிக்குத்தான்டி உருப்படியா ஒரு காரியம் செஞ்சிருக்க" என்றாள் அக்கா.

வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். தலைக்கு மேலே பாய்லர் 'குப்' என்று பற்றிக்கொண்டது. அதற்கு நேர் கீழே, மேசையின் அந்த முனையில், இலிங்கா ஒரு படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

சபின் இரண்டு கரண்டி சாப்பிட்டார். சூப் பிரமாதம் என்றார். மூன்றாவது கரண்டி பாதி வழியில் நின்றது. பாய்லரின் சின்னக் கண்ணாடி வழியே தெரிந்த தீயைப் பார்த்தார்; நீலமாக இருக்க வேண்டியது மஞ்சளாக நாக்கு நீட்டிக்கொண்டிருந்தது. காலரைத் தூக்கி விசிறினார். நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.

அப்போதுதான் எனக்கு விளங்கியது, அடக்க முடியாத கோபமும் வந்தது. தெரியாத ஒருவரை மன்னித்துவிடலாம். இவருக்குத் தெரியும். எந்தெந்த வீட்டில் எது தவறு என்று ஏணி போடாமலே, டார்ச் அடிக்காமலே தெரியும். தெரிந்துதான் வணக்கத்துக்கும் முன்னால் தனக்கு மட்டும் காற்று ஏற்பாடு செய்துகொள்கிறார். முத்திரை நமக்கு, ஜன்னல் அவருக்கு.

"என்ன அண்ணே, வேர்க்குதா?" என்றேன். "நாங்க தினமும் இப்படித்தான் சாப்பிடுறோம்."

இலிங்கா வாய் பிளந்து கொட்டாவி விட்டாள். வண்ணப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கையை மடித்து, அதன் மேல் கன்னத்தைச் சாய்த்தாள்.

சபின் கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, குழந்தையை நாற்காலியோடு சேர்த்துத் தூக்கினார். கம்பளிச் செருப்பு ஒன்று காலிலிருந்து கழன்று நடுவில் கிடந்தது. ஜன்னலடியில் நாற்காலியை இறக்கி, ஜன்னல் கதவை முழுதாகத் திறந்தார். பனிக்காற்று உள்ளே பாய்ந்து, முத்திரை காயாத காகிதத்தை மேசையிலிருந்து அடித்துக்கொண்டு போனது.

"ஐயோ, காத்து!" என்று அக்கா ஓடி வந்தாள். "புள்ளைக்குக் காது வலி வந்துடும், மூடுங்க அண்ணே!"

அவள் ஜன்னல் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். சபின் என்னையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. கைப்பிடியின் மேலிருந்த தன் கையை மட்டும் எடுக்கவில்லை.