கருட சேவையில் நான் எடுக்காமல் விட்ட ஷாட்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே சில வருடங்கள் ஓடிவிட்டன. பேனாவை எடுப்பேன், கடைக்கு யாராவது வருவார்கள், அதையே சாக்காக வைத்து மூடிவிடுவேன். உண்மையில் பயம்தான். பெருமாள் விஷயத்தில் ஏதாவது எழுதி அபசாரமாகிவிட்டால்? இப்போது பயத்தைவிட எரிச்சல் அதிகமாகிவிட்டது. அதனால் எழுதுகிறேன்.

நான் பத்தாவது வரை படித்தவன். சின்ன காஞ்சிபுரத்தில், பெருமாள் கோயிலுக்குப் போகும் வழியில் பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கற்பூரம், குங்குமம், துளசி மணி மாலை. நாற்பதைத் தாண்டியவனுக்கு ஒளிப்பதிவு கற்கும் ஆசை எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள், வந்தது. ஊரில் அதைச் சொல்லித்தரும் ஒரு சின்னப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தேன். என் மனைவி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"ஒரு வருஷம் கடைய நான் பாத்துக்கிறேன். பாஸாயிட்டா கேமராமேனா போங்க. இல்லன்னா திரும்பி வந்து கல்லாவுல குந்துங்க. அப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

சரி என்றேன்.

வகுப்பில் எல்லோரும் என் பிள்ளைகள் வயது. ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரி முடித்தவர்கள். எனக்கு 'அங்கிள்' என்று பெயர். அவர்களுக்குச் சட்டென்று ஏறுவது எனக்கு ஏறாது. லென்ஸில் வெளிச்சம் போகும் துவாரத்துக்கு எண் போட்டிருப்பார்கள். எண் பெரிதானால் துவாரம் சிறிதாகுமாம். எந்தப் புண்ணியவான் இப்படித் தலைகீழாக வைத்தான் என்று தினமும் திட்டுவேன். திட்டித் திட்டியே அது மனதில் பதிந்தது. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, முட்டியை லேசாக மடக்கி, மூச்சை அடக்கி நடக்கவும் பழகினேன். நடுக்கமில்லாமல் படம் வந்தது. எங்கள் ஆசிரியர் சென்னைக்காரர், என்னைவிட இளையவர். அவரே ஒருநாள், "கை நல்லா நிக்குது சார்" என்றார்.

நின்ற கை கோபுரத்தைக் கண்டதும் நிற்காமல் போனது. தெருவில் எடுத்த ஒரு பயிற்சிப் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டினார்.

"சார், கோபுரம் வரைக்கும் அழகா வருது. அப்புறம் ஏன் சார் தரையக் காட்டுறீங்க?"

"கும்பிட்டேன் சார்."

வகுப்பே சிரித்தது. ரெண்டு கையாலும் கும்பிட்டால் கேமராவை யார் பிடிப்பது? கழுத்துப் பட்டை இருந்ததால் அது என் நெஞ்சில் தொங்கித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானாக யோசித்துச் செய்தது இல்லை. சின்ன வயதிலிருந்து கோபுரம் கண்ணில் பட்டால் கை சேரும், அவ்வளவுதான்.

"மனசுக்குள்ள கும்பிடுங்க சார்."

"மனசுல கும்பிட்டா கையும் கூடவே வருது சார்."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

வருடக் கடைசியில் தேர்வுப் பயிற்சி. மூன்று நிமிடம், ஒரே ஷாட், கேமராவைக் கையில்தான் பிடிக்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது. என்ன எடுப்பது என்பது அவரவர் இஷ்டம். ஒரு பெண் பிள்ளையார்பாளையத்துத் தெருவில் தறியில் ஏற்றும் முன் பட்டு நூலை நீளமாக இழுத்துப் பாவு நீட்டுவதை எடுப்பதாகச் சொன்னாள். நான் கருட சேவை என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"வேணாம் அங்கிள். பஸ் ஸ்டாண்டுல போயி பஸ்ஸ எடுங்க. பஸ்ஸப் பாத்தா கும்பிட மாட்டீங்க."

கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உருப்படியாக எடுக்கும் முதல் ஷாட் பெருமாளுடையதாக இருக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். வீட்டிலேயே ஒத்திகை நடந்தது. மனைவி பெருமாள் படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கையில் ஏந்தி, சமையலறையிலிருந்து வாசல் வரை மெல்ல நடந்து வருவாள். நான் எடுப்பேன். பாதி வழியில் கை சேர்ந்துவிடும்.

"இன்னாங்க இது! தினம் தொடைக்கிற படம்தானே, இதுக்குமா?"

கடைசியில் அவளே வழி சொன்னாள். பின்னால் நின்று என் இரண்டு முழங்கைகளையும் அழுத்திப் பிடித்துக்கொள்வது. பிரியவும் முடியாது, சேரவும் முடியாது. வீட்டில் செய்து பார்த்தோம், நின்றது.

கருட சேவையன்று விடிவதற்குள் போய், ஒரு கடைப் படிக்கட்டில் இடம் பிடித்தோம். அவள் பின்னால். வெள்ளைக் குடைகள் வெளிச்சத்தில் வெளுத்துப்போகாமல் இருக்கத் துவாரத்தைச் சரியாக வைத்தேன். போகஸ் சரி, மூச்சும் சரி. கூட்டம் "பெருமாளே" என்றது. குடைகள் ஆடி ஆடி வந்தன. கருடன் மேல் அவர் திரும்பி எங்களுக்கு நேராக வந்தார்.

முழங்கையில் இருந்த பிடி போய்விட்டது. என் கையும் போய்விட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது பெருமாள் தாண்டிப் போய்விட்டிருந்தார். கேமரா நெஞ்சில் தொங்கியது. அவள் இன்னும் தலைக்குமேல் கை கூப்பி நின்றாள்.

"நீ ஏன்டி விட்ட?"

"பெருமாள் வராரு, உங்க முழங்கையப் புடிச்சிக்கினு நிக்கச் சொல்றீங்களா?"

கேமராவை அணைத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். குடை வருகிறது, கருடனின் இறக்கை தெரிகிறது, அதற்குப் பிறகு ஜனங்களின் கால்கள். அதோடு நின்றிருந்தால் நான் ஃபெயில், விஷயம் முடிந்தது. என் மனைவி பக்கத்து வீட்டு அம்மாவிடம் வெள்ளந்தியாக, "சாமி கிட்ட வந்ததும் படத்துல ஒண்ணுமே விழலக்கா" என்று சொல்லிவிட்டாள். கையை விட்டதைச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலத்துக்குள் தெருவே பேசியது. பெருமாள் தன்னைப் படம் எடுக்க விடவில்லையாம். கேமரா தானாகத் தலை குனிந்ததாம். கடைக்கு வந்தவர்கள் கல்லா மேல் இருந்த கேமராவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் அந்தப் பக்கம் கற்பூரம் எடுத்துத் திரும்புவதற்குள் ஒரு பெரியம்மா அதற்குக் குங்குமப் பொட்டும் வைத்துவிட்டார்.

"அம்மா, நான் கைய விட்டுட்டேம்மா. அதனால தொங்குச்சு."

"விட வச்சது யாருப்பா?"

கற்பூரத்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்.

பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் கேமராவை வாங்கியதும் முதலில் கேட்டது: "லென்ஸ் மேல யாரு சார் பொட்டு வச்சது?" நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது.

"சார், இதையே எடுங்க. கேமராவக் கடையில வச்சு, வர்றவங்க பேசட்டும். நீங்க பொய் சொல்ல வேணாம். சும்மா இருங்க, போதும். அந்தக் காலு ஷாட்டையும் சேத்து வச்சுக்கலாம். ஒரே ஷாட், கையில புடிக்கணும்ங்கறதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நான் பாஸ் போடுறேன்."

ஆசையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. பாஸ் ஆனால் கேமரா, இல்லை என்றால் கல்லா. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்கிறார். ஆனால் என் கை செய்ததைப் பெருமாள் தலையில் கட்டிவிட்டு, அதே பெருமாள் முன்னால் நாளைக்கு எப்படிப் போய் நிற்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

"அப்ப ஃபெயில்தான் போட முடியும் சார்."

"போடுங்க சார்."

போட்டார். அந்தப் பெண் மட்டும் வாசல் வரை வந்து, "பஸ்ஸு தினமும்தான் அங்கிள் வருது" என்றாள். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். சொன்ன சொல்லுக்குக் கல்லாவில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்தும் நிம்மதி இல்லை. ஒவ்வொரு உற்சவத்துக்கும் கதை வளர்கிறது. போன முறை கேட்டபோது கேமரா புகைந்துவிட்டதாம், எனக்குக் கண் இருட்டிவிட்டதாம். எனக்குக் கண் நன்றாகத்தான் தெரிகிறது. மறுத்தால் "அடக்கம்" என்கிறார்கள், கோபப்பட்டால் "அருள்" என்கிறார்கள்.

இதைப் படித்தவர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதை வேறு யாரிடமாவது சொல்வதானால் இங்கே இருக்கிறபடியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கேமராவை விட்டது நான். என் முழங்கையை விட்டது என் மனைவி. பெருமாள் எதையும் தடுக்கவில்லை. கருடன் மேல் வந்தார், எங்களைப் பார்த்தார், போனார்.