புரோமின் விற்ற கடையில் என் பத்து வருஷம்

மூடியை எவ்வளவு இறுக்கினாலும் நெடி அடிக்கிற சரக்கை விற்கிறவனிடம், வாடிக்கைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் பேசுவார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய சகாக்கள் யாராவது இதைப் படித்தால், என் பாடு சொல்லாமலே புரியும்.

இன்டர்மீடியட்டில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, ஐம்பதுகளின் நடுவில் திண்டுக்கல்லில் ஹனீபா ராவுத்தரின் கெமிக்கல் கடையில் சேர்ந்தேன். பள்ளிக்கூட லேபுக்குப் புரோமின், டாக்டர்களுக்கு அயோடின், ஊர்க் கிணறுகளுக்கு குளோரின் அடங்கிய பிளீச்சிங் பவுடர், போட்டோ ஸ்டூடியோக்களுக்கு, படம் அச்சிடுகிற புரோமைடு பேப்பர். எல்லாம் ஹாலஜன் என்ற ஒரே குடும்பத்துச் சரக்கு. அந்தக் குடும்பத்தில் மகா கோபக்காரனான புளோரினை மட்டும் நாங்கள் விற்கவில்லை. விற்றிருந்தால் இதை எழுத நான் மிஞ்சியிருக்க மாட்டேன்.

ரோஜாக் கூடை

சேர்ந்த இரண்டாம் மாதம் ரயில்வே பார்சல் ஆபீஸிலிருந்து ஆள் ஓடி வந்தார். எங்கள் கடைக்கு வந்த பெட்டியிலிருந்து செம்பழுப்பாகப் புகை கிளம்புகிறதாம். புரோமின் புட்டி உடைந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது. போகிற வழியில் ஸ்டூடியோ வைத்திருந்த சவரிமுத்து அண்ணனிடம், போட்டோ கழுவுகிற ஹைப்போ உப்பை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து வாங்கிக்கொண்டு ஓடினேன்.

ஆபீஸ் ஆட்கள் எல்லாரும் வெளியே நின்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தது பேச்சியம்மாள் மட்டும்தான். திருச்சிக்கு ரோஜாப்பூ அனுப்புகிற வியாபாரி. எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கூடைகளை இருமிக்கொண்டே ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு, முதலில் அவரை வெளியே கொண்டுவந்து விட்டேன். பிறகு வாளியை அப்படியே பெட்டியின் மேல் கவிழ்த்தேன். ஹைப்போ பட்டால் புரோமின் சாதுவான உப்பாக அடங்கிவிடும் என்று படித்திருந்தேனே தவிர, கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். தரையில் ஓடிய சிவப்பு, கண் முன்னாலேயே நிறமிழந்து வெறும் தண்ணீர் மாதிரி ஆனது.

பேச்சியம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். மூச்சு சீராகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். சாயங்காலம் திரும்பி வந்து பார்த்தால், கடைசிக் கூடையில் பாதிப் பூ வெளுத்துக் கிடந்தது. அதில் ஒன்றை எடுத்து என் கையில் வைத்துவிட்டு அவர் சொன்னார்: "வெசத்தக் கொண்டாந்ததும் நீதான், அதுக்கு மருந்து ஊத்துனதும் நீதான். ஒன்னைய வையவா வாழ்த்தவான்னு தெரியல, போயிட்டு வா அப்பு."

கிணற்றுப் படியில் கருப்பையா

எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் வாந்திபேதி வந்து இரண்டு பேர் இறந்துபோனார்கள். சுகாதார இன்ஸ்பெக்டர் எங்களிடம் பிளீச்சிங் பவுடர் வாங்கி, என்னையும் கூட அழைத்துக்கொண்டார். ஊரே குடிக்கிற கிணறு கருப்பையா என்ற விவசாயியுடையது. அவர் படியில் குறுக்கே படுத்துக்கொண்டார். முன்பு யாரோ அளவு தெரியாமல் பவுடரைக் கொட்டியதில் மூன்று நாள் மாடு தண்ணீரில் வாய் வைக்கவில்லையாம். போலீஸ் வரும் என்று இன்ஸ்பெக்டர் மிரட்டினார். மனிதர் அசையவில்லை.

ஒரு வாளித் தண்ணீரில் மட்டும் செய்து காட்டுகிறேன் என்று நான் கெஞ்சினேன். பவுடரைக் கலக்கித் தெளியவைத்து, அதில் ஒரு கிண்ணம் எடுத்து அயோடின் உப்பான அயோடைடுக் கரைசலில் சில சொட்டும், அவர் வீட்டுச் சோற்றுக்கஞ்சியும் விட்டேன். கிண்ணம் கருநீலமானது. கூட்டம் பத்தடி பின்னால் போனது. விஷத்தைக் காட்டிவிட்டான் என்று முணுமுணுத்தார்கள். விளக்கம் சொல்வதற்கு முன்னால் வித்தை காட்டியது என் தப்பு. வேறு வழி தெரியாமல் வாளித் தண்ணீரில் ஒரு சொம்பு மொண்டு நானே குடித்துவிட்டு உட்கார்ந்தேன். நான் சாகிறேனா என்று அரைமணி நேரம் எல்லாரும் பார்த்தார்கள். கருப்பையாவின் மனைவி எதற்கும் இருக்கட்டும் என்று மோர் கொண்டுவந்து வைத்தார்.

சாகாததால் பேச விட்டார்கள். தண்ணீரில் இருக்கும் குளோரின், அயோடைடில் இருக்கும் அயோடினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளியே வந்த அயோடின் கஞ்சியோடு சேர்ந்து நீலமாகும். நீலம் தெரிந்தால் தண்ணீரில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம், அளவோடு போட்டால் மாடும் குடிக்கும் என்றேன். கருப்பையா எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். அந்த ஊரில் அதற்குப் பிறகு யாருக்கும் பேதி வரவில்லை. வழியனுப்பும்போது அவர் கேட்டது: "இம்புட்டுத்தான் சங்கதின்னு வந்ததுமே சொல்லியிருந்தா, நான் ஏன்யா வெயில்ல மல்லாந்து கெடக்கப் போறேன்?"

டீக்கடையில் ஒரு சொட்டு

எங்கள் தெருவில் டீக்கடை வைத்திருந்த ராமையா, பால்காரர் சின்னானின் பாலில் மாவு கலந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டார். அயோடின் புட்டியோடு என்னைக் கூப்பிட்டார். காலைக் கூட்டத்துக்கு நடுவில், அடுப்பிலிருந்த பாலில் ஒரு கரண்டி எடுத்து ஆறவைத்துச் சொட்டு விட்டேன். நீலம். சின்னானைச் சட்டையைப் பிடிக்காத குறையாகப் பேசிவிட்டார்கள்.

சின்னான் சைக்கிளில் தொங்கிய கேனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அதிலும் ஒரு சொட்டு விட்டேன். அயோடினின் மஞ்சள் அப்படியே நின்றது, நீலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. விசாரித்தால், ராமையாவுக்கே தெரியாமல் அவருடைய டீ மாஸ்டர், டீ கெட்டியாக இருக்கட்டும் என்று அடுப்புப் பாலில் கூவைக்கிழங்கு மாவு கலந்துகொண்டிருந்திருக்கிறார். சின்னான் கேனை மறுபடி சைக்கிளில் மாட்டிக்கொண்டே சொன்னார்: "தண்ணி ஊத்துறது நான்தான், இல்லைங்கல. மாவு என் வேல இல்ல."

கறுத்துப்போன படம்

இது என் சொந்தக் கைங்கரியம். கடையில் கடைசியாக இருந்த புரோமைடு பேப்பர் பெட்டியை, சரக்கு சரியாக இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திறந்து பார்த்துவிட்டு, மூடி சவரிமுத்து அண்ணனுக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பேப்பரில் பூசியிருப்பது வெள்ளி புரோமைடு. ஒரு நொடி வெளிச்சம் பட்டாலும் போதும், படம் கழுவுகிற டெவலப்பரில் போட்டதும் கரியாகிவிடும். படித்தவன்தான் நான். அந்த நேரம் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் காலை அண்ணன் கறுப்புத் தாள்களோடு வந்து நின்றார். பேகம்பூரைச் சேர்ந்த காதர் மைதீன், ஆயுசு முழுக்கத் தோல் பதனிட்டுச் சேர்த்த பணத்தில் ஹஜ்ஜுக்கு விண்ணப்பம் போடுகிறார். படம் ஒட்டி அன்று மாலைத் தபாலில் சேர்க்காவிட்டால் அந்த வருஷம் கப்பல் கிடையாது. நான் திறந்தேன் என்று அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். முதலாளி கல்லாவிலிருந்து பஸ் காசை எடுத்துக் கொடுத்தார், அது இன்னும் சங்கடமாக இருந்தது. கிடைத்த முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போய்ப் பேப்பர் வாங்கி, நின்றுகொண்டே திரும்பி வந்தேன். படம் காயக்கூட நேரமில்லை. அவசரத்தில் அதுவும் சற்றுக் கறுப்பாகவே விழுந்தது.

தபாலாபீஸ் வாசலில் நான் தலை குனிந்து நின்றேன். படம் சரியில்லை, எல்லாம் என்னால்தான் என்றேன். காதர் மைதீன் ஈரப்படத்தை ஊதி ஊதி ஒட்டினார். உறையைத் தபாலாபீஸில் சேர்த்த பிறகுதான் என் தோளில் கை வைத்தார். "அங்க நான் முகத்தக் காட்டப் போகல தம்பி. மனசு கறுக்காம இருக்கணும்னு உனக்கும் சேத்து துவா கேக்குறேன்."

இம்புட்டும் பார்த்த என்னை, என் மாமனார் வீட்டார் இன்றைக்கும் அறிமுகப்படுத்துவது, "மாப்பிள்ளை முன்னால பினாயில் கடையில இருந்தாரு" என்றுதான்.