நாற்பத்தைந்து சார்

பென்னாகரம் பக்கத்து அரசுப் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் வீரமணிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘நாற்பத்தைந்து சார்’. எறிபொருள் கணக்கு வந்தால் போதும், “அதிக தூரம் போகணுமா? கண்ணை மூடிக்கிட்டு நாப்பத்தஞ்சு டிகிரின்னு எழுது” என்பார். பதினெட்டு வருஷமாக இதே பாட்டு. அந்தப் பெயரில் மனுஷனுக்கு உள்ளூரப் பெருமை வேறு!

வெள்ளிக்கிழமை ஒரு கணக்குக் கொடுத்தார். ஐந்து மீட்டர் உயரப் பரண்மேல் நின்று, வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் கல்லை எறிந்தால் எந்தக் கோணத்தில் அதிக தூரம் போகும்? பதினொன்றாம் வகுப்பு சாலம்மாள் மட்டும் முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள். வழிமுறை ஒன்றும் இல்லை.

“நாப்பத்தஞ்சு வராதுங்க சார். கல்லக்காய்க் காட்டுல பரண் மேல நின்னுதான் நாங்க பன்னிய வெரட்டறோம். கொஞ்சம் தாழ எறிஞ்சாத்தான் தூரமாப் போவுது.”

வேர்க்கடலைக் காட்டுக் கதையைக் கேட்டு வகுப்பு கொல்லென்று சிரித்தது. வீரமணிக்குச் சுருக்கென்றது.

“பன்னி வெரட்டறதும் பிசிக்ஸும் ஒண்ணா? நாப்பத்தஞ்சுன்னு அம்பது தடவ எழுதிக்கிட்டு வா!”

ஞாயிறு மதியம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தைந்து என்பது தரையிலிருந்து எறிந்து தரையில் விழும் கல்லுக்குத்தானே? இது பரண் ஆயிற்றே! தாளை எடுத்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நாற்பத்தைந்துக்குப் பதின்மூன்றரை மீட்டருக்குச் சற்று மேல். முப்பத்தைந்துக்குப் பதினான்கையும் தாண்டியது. மூன்று தடவை போட்டும் அதேதான்.

“என்னங்க, வூட்டுக்கும் வாசலுக்குமா நடந்துக்கிட்டே இருக்கீங்க?” என்றாள் மனைவி கலைமதி.

என்னத்தைச் சொல்வது? ஒத்துக்கொண்டால் பதினெட்டு வருஷப் பெயர் போகும். வாயை மூடிக்கொண்டால் அந்தப் பெண் இனி வகுப்பில் வாய் திறக்க மாட்டாள். அவளைப் பார்த்து வகுப்பைச் சிரிக்க விட்டவர் அவர்தான்.

திங்கட்கிழமை சாலம்மாள் நோட்டை நீட்டினாள். “முடிச்சிட்டேங்க சார்.” முத்து முத்தான எழுத்து. நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து, நாற்பத்தைந்து. அவருடைய தப்பு ஐம்பது வரியில். கடைசியில் பென்சிலில் சின்னதாக இன்னொரு வரி: ‘ஆனா முப்பத்தஞ்சுதாங்க சார்.’

அப்பாடா, இவள் வாயை மூடவில்லை! அந்த வரியை வகுப்புக்கே கேட்க வாசித்தார். “இவ சொன்னதுதான் சரி. நான்தான் தப்பு” என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து, அந்தப் பென்சில் வரிக்கு மட்டும் சரி போட்டார்.