எம்சி கேட்ட இயந்திரம்

எனக்கு நீளக் கதை ஆகாது. மம்பாவிலிருந்து செனாவாங்குக்குத் தொழிற்சாலைப் பேருந்து அரை மணி நேரத்தில் போய்விடும்; அதில் பாதி நேரம் தூக்கம். நாவலைத் திறந்தால் நாயகன் வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் நான் கார்டு தட்டும் இடத்துக்கு வந்துவிடுவேன். அதனால்தான் கைப்பேசியில் மூன்று வரி, நாலு வரி அறிவியல் கதைகளையும் மாயக் கதைகளையும் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். செவ்வாய்க்கு முதன்முதலாகப் போனவன் அங்கே தன்னுடைய பழைய செருப்பைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை. செருப்பு எப்படிப் போனது என்று எழுதியவர் சொல்லவே மாட்டார். மிச்சத்தை எட்டு மணி நேரம் நின்றுகொண்டே நான்தான் யோசிக்க வேண்டும். கை மின்னணுச் சில்லு பொருத்தும், தலை செவ்வாயில் இருக்கும். மேற்பார்வையாளருக்குத் தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு படிவம் கொண்டுவந்திருப்பார்.

படித்துப் படித்து நானும் ஒன்று எழுதினேன். எங்கள் பகுதியில் புது இயந்திரம் இறக்கிய வாரம் அது.

"புது இயந்திரம் வந்தது. எங்கள் வேலையை அதற்குச் சொல்லிக்கொடுத்தோம். மூன்றாம் நாள் அது எம்சி கேட்டது."

பேருந்தில் பக்கத்து இருக்கை அக்காவிடம் காட்டினேன். பல வருடங்களாக என் அருகில் நின்று வேலை செய்பவர். நின்று நின்றே இடுப்பு போய்விட்டது. அடிக்கடி கிளினிக்கில் எம்சி என்கிற மருத்துவ விடுப்புச் சீட்டு வாங்கி இரண்டு நாள் படுத்தால்தான் எழுந்து நடக்க முடியும். அந்தச் சீட்டை அலுவலகப் பெட்டியில் போடும்போதெல்லாம் திருடிப் பிடிபட்டவர் மாதிரி கூனிக் குறுகுவார். அன்று கதையைப் படித்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இரும்புக்கே முடியலன்னா நமக்கு எப்படிடி முடியும்? இத கோயில் புக்குல போடு லா!"

போட்டேன். என் புத்தி அப்படி.

அப்பா அம்மா வேலை செய்த ரப்பர் தோட்டத்தின் கோயில் இன்னும் இருக்கிறது. ஆட்கள் பாரோய்க்கும் செனாவாங்குக்கும் குடிபோய்விட்டாலும் திருவிழாவுக்கு எல்லாரும் கூடுவோம். அப்போது ஒரு விழா மலர் அச்சாகி வரும்; என் கதையை அதற்குத்தான் அனுப்பினேன். அதைத் தயாரிப்பவர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற ஐயா. கணக்குப் பிள்ளைக்குக் காலி இடம் கண்ணை உறுத்தும் போலிருக்கிறது. மலர் கைக்கு வந்தபோது என் மூன்று வரி மூன்று பக்கமாகியிருந்தது.

பொய் எம்சி போடும் தொழிலாளிகளைப் பார்த்து இயந்திரம் கெட்டுப்போகிறதாம். மேனேஜர் புத்தி சொல்கிறாராம். இயந்திரம் தேம்பித் தேம்பி அழுது, திருந்தி, ஓவர்டைம் செய்கிறதாம். முடிவில் கட்டம் கட்டி, 'கருத்து: பொய் விடுப்பு வீட்டுக்கும் நாட்டுக்கும் கேடு.' மேலே என் பெயர், பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு என் படம்.

ஐயாவுக்குப் போன் போட்டேன்.

"மூணு வரியாம்மா கதை? மிச்சப் பக்கத்துல நான் கோலமா போடுறது? கருத்து வேற இல்ல. உன் பேரு கெட்டுடக் கூடாதேன்னு ரெண்டு நாள் ஒக்காந்து எழுதிக் கொடுத்தேன்."

நன்றி சொல்வேன் என்று காத்திருந்தார். கத்தத்தான் போன் போட்டேன். "நன்றிங்கய்யா" என்றுதான் வாயில் வந்தது. அந்த வாயை இன்று நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

எங்கள் மேற்பார்வையாளரும் அதே தோட்டத்துக்காரர். திருவிழா முடிந்த திங்கட்கிழமை, மூன்று பக்கத்தையும் நகலெடுத்து, எம்சி சீட்டு போடும் பெட்டிக்கு மேலேயே ஒட்டிவிட்டார். கிழித்தேன். மறுநாள் புது நகல் இருந்தது. "நல்ல கதைய ஏன்மா கிழிக்கிற? எல்லாரும் படிக்கட்டும்" என்றார்.

அக்காவிடம் ஓடினேன். நான் எழுதியது மூன்று வரிதான், அவர் பார்த்ததுதான், மற்றதெல்லாம் கிராணி ஐயா வேலை என்று கைப்பேசியை நீட்டிக் காட்டினேன். வாங்கிப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. பெட்டிக்கிட்ட நிக்கிறவங்களுக்கு அது தெரியுமா?"

அடுத்த வாரம் பேருந்துப் படியில் கால் வைக்க முடியாமல் அக்கா தடுமாற, இரண்டு பேர் கைத்தாங்கலாக ஏற்றினோம். கட்டாயம் நாளைக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் எனக்கு முன்னாலேயே வந்து, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில்லு பொருத்திக்கொண்டிருந்தார்.

"ஏன்க்கா வந்தீங்க? எம்சி எடுக்கலையா?"

வேலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"கிளினிக் வாசல் வரைக்கும் போனேன். அந்தப் பெட்டிக்கிட்டப் போயி உன் படத்துக்குக் கீழ நிக்கணுமேன்னு நெனச்சேன். திரும்பி வந்துட்டேன்."