இருபத்தொன்பதாம் வட்டம்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. இப்போதும் மாத்திரை டப்பாவைக் காலையில் ஒரு முறை, படுக்கும் முன் இரண்டு முறை எண்ணுகிறேன். மகன் திட்டுகிறான். அவன் திட்டி முடித்ததும் இன்னொரு முறை எண்ணிக்கொள்கிறேன்.

எழுபதுகளின் நடுவில், உறுவையாற்றிலிருந்து கரிக்கலாம்பாக்கம் போகும் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் நான் வாத்தியாராக இருந்தேன். முழுப் பள்ளிக்கும் நான் ஒருவன்தான். பிள்ளைகள் நாற்பத்தேழு பேர். பள்ளிக்கு எதிர்வீட்டில் நானும் மனைவியும் வாடகைக்கு இருந்தோம்.

சர்க்கார் மத்தியானச் சாப்பாடு எங்கள் பள்ளிக்கு வந்து அப்போது இரண்டு வருடம் முடிந்திருந்தது. பெரும்பாலும் கோதுமை ரவை உப்புமா, சில நாள் சோறும் சாம்பாரும். பந்தியில் யார் உட்கார்ந்தார்கள், யார் இரண்டாம் முறை வந்தார்கள் என்று எனக்கு ஒரே கவலை. அதனால் தாழ்வாரத் தரையில் சுண்ணாம்பால் நாற்பத்தேழு வட்டம் போட்டு, ஒவ்வொன்றிலும் வருகைப் பதிவேட்டின் எண்ணை எழுதினேன். அவரவர் அவரவர் வட்டத்தில்தான் உட்கார வேண்டும். வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், யார் வரவில்லை என்று தெரிந்துவிடும்.

சமையல்காரம்மாவுக்கு இது வேடிக்கை. "புள்ளைய எண்ணுறீங்க, தட்ட எண்ணுறீங்க. உப்புமாவுல ரவை எத்தினின்னும் எண்ணிட்டீங்கன்னா இன்னும் நல்லாருக்கும் சார்" என்பாள்.

அந்த வருடம் கோடை விடுமுறை என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம்தான் பிள்ளைகளிடம் சொன்னேன். உத்தரவு நான்கு நாள் முன்பே வந்துவிட்டது. முன்னால் சொன்னால் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள், பதிவேட்டில் எண்ணிக்கை குறையும் என்று பயந்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை பன்னிரண்டரைக்கு வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருந்தேன். சித்திரை வெயிலில் தெரு வெள்ளையாகக் கிடந்தது. பெரியவர்கள் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். எதிரே, பூட்டிய பள்ளியின் தாழ்வாரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எண்ணினேன். பதினொன்று.

ஒவ்வொருவர் முன்னாலும் அலுமினியத் தட்டு. யாரும் பேசவில்லை. அடுத்தடுத்து உட்காராமல், அவரவர் எண்ணுள்ள வட்டத்தில், நடுவில் இடம் விட்டு உட்கார்ந்திருந்தார்கள். உப்புமா பரிமாறிச் சாப்பிட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இருந்தார்கள். பிறகு எழுந்து, கைப்பம்பில் தட்டைக் கழுவி, தண்ணீரை உதறிவிட்டுப் போனார்கள். தட்டில் கழுவ ஒன்றுமே இல்லை.

செவ்வாய்க்கிழமை இருபத்தாறு பேர். நான் இறங்கிப் போய் முதல் வட்டத்துப் பையனிடம் கேட்டேன். "எதுக்குடா வந்தீங்க? லீவுன்னு சொன்னேன் இல்ல?"

"தெரியும் சார்."

"அப்புறம் இன்னாத்துக்கு?"

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "வூட்ல இருந்தா பசிக்குது சார். இங்க வந்து குந்தினா பசிக்கல."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். ஒருவனும் சிரிக்கவில்லை.

சமையல்காரம்மா வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவளுக்கு ஆச்சரியமே இல்லை. "பகல்ல அடுப்பு பத்த வெக்கிறத வுட்டு ரெண்டு வருசம் ஆச்சி சார். காலைல பழையது, ராத்திரிக்குத்தான் ஒலை வெக்கிறது. மத்தியானத்துக்கு ஸ்கூலு. பெரிய பானைய எடுத்து பரண்ல போட்டுட்டாளுவ. நாலு வூட்ல வித்தே புட்டாளுவ. இப்போ திடுதிப்புனு லீவுன்னா எந்தப் பானைல ஆக்குவா?"

"பெத்தவங்க கேக்க மாட்டாங்களா, புள்ள சாப்புட்டுதான்னு?"

"எங்க போயி கேப்பா? கழனில இல்ல நிக்கிறா."

புதன்கிழமை நாற்பத்தாறு பேர் வந்துவிட்டார்கள். ஒரே ஒரு வட்டம் காலி. இருபத்தொன்பது. அவ்வளவு நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தும் அந்த வட்டத்தை ஒருவரும் மிதிக்கவில்லை, ஒருவருடைய தட்டும் அதன் கோட்டைத் தொடவில்லை. நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். மனைவியிடம் போய், "ஒரு வீட்டிலாவது பகலில் அடுப்பு எரியுது" என்றேன்.

"எந்த வீட்டுல?" என்றாள் அவள்.

எண் எனக்கு உடனே தெரிந்தது, வீட்டை யோசிக்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் யோசித்தேன். இருபத்தொன்பது ஒரு பெண் பிள்ளை, எட்டு வயது. கரும்புத் தோட்டத்துக்கு நடுவில், மோட்டார் கொட்டகையை ஒட்டிய தனிக் குடிசை. அப்பன் இல்லை. அம்மாவும், மூன்று வயதுத் தம்பியும். உப்புமாவில் பாதியை அந்தப் பெண் எப்போதும் தாமரை இலையில் மடித்து எடுத்துப்போவாள். அந்தக் குடிசையில் எப்படி அடுப்பு எரியும்? இருந்தாலும் காலையில் நான் போகவில்லை. வருகிறாளா பார்ப்போம் என்று மதியம்வரை காத்திருந்தேன்.

வியாழக்கிழமையும் நாற்பத்தாறு.

"இருபத்தொம்பது ஏன் வரல?" என்று பக்கத்து வட்டத்துச் சிறுமியைக் கேட்டேன்.

"அது வராது சார். அது வூட்லயே பள்ளிக்கூடம் வெச்சிக்குது."

"யாரு சொன்னது?"

"மாடு ஓட்டிக்கினு போறப்ப நானே பாத்தேன் சார்."

குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வரப்பில் என் செருப்புச் சத்தம்தான் கேட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கரும்பு, காற்றே இல்லை, ஒரு தோகைகூட அசையவில்லை. குடிசையை நெருங்கியபோது உள்ளே சமையல்காரம்மாவின் குரல் கேட்டது.

"போதுமா? இன்னும் கொஞ்சம் வெக்கட்டா? கீழ சிந்தாத துன்னுடா கண்ணு."

அவளை அரை மணிக்கு முன்தான் தெருவில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். தட்டியை விலக்கிக் குனிந்து பார்த்தேன்.

சாணித் தரையில் சாம்பலால் இரண்டு வட்டம். ஒன்றில் இருபத்தொன்பது. இன்னொன்றில் நாற்பத்தெட்டு. எங்கள் பள்ளியில் நாற்பத்தெட்டு என்று யாரும் இல்லை. அந்த வட்டத்தில் தம்பியைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்திருந்தாள். அவன் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. அவன் முன்னால் தட்டு, அதில் ஒன்றும் இல்லை. அவள் வெறும் கரண்டியால் வெறும் சட்டியிலிருந்து அள்ளி அள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். சமையல்காரம்மா மாதிரியே இடுப்பில் கை.

என்னைப் பார்த்ததும் பயப்படவில்லை. எழுந்து ஒதுங்கி நின்று, தன் சொந்தக் குரலில் சொன்னாள்: "எண்ணிக்கிங்க சார்."

தம்பிக்கு மூச்சு இருந்தது. அவனைத் தோளில் போட்டுக்கொண்டேன். துண்டு அளவுக்குத்தான் கனம் இருந்தது. அவள் பின்னால் நடந்து வந்தாள், இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு. வழியில்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்க விழுப்புரம் பக்கம் ஆள் ஏற்றும் லாரியில் அம்மா வெள்ளிக்கிழமை விடியற்காலையே போய்விட்டாள். லீவு என்று நான் சொன்னது அன்று மதியம். எட்டு ராத்திரிக்கு எட்டு ஆழாக்கு கேழ்வரகு மாவும், ஞாயிற்றுக்கிழமை பகலுக்கு ஓர் ஆழாக்கும் அளந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். சனிக்கிழமையும் சேர்த்து மற்றப் பகல்களுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதே! பெண் இரண்டு வேளையும் கிண்டினாள். செவ்வாய் ராத்திரியோடு மாவு தீர்ந்தது.

"நீ ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரல?"

"தம்பியத் தூக்க முடியல சார். உட்டுட்டு வந்தா அழுவான்."

மனைவி கஞ்சித் தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக அவன் வாயில் விட்டாள். பொழுது சாயும்போது அவன் அழுதான். அந்த அழுகையைக் கேட்டுத்தான் நான் உட்கார்ந்தேன். அடுத்த நாள், பள்ளி திறக்கும் ஜூன் மாதத்துக்கு என்று பூட்டி வைத்திருந்த ரவை மூட்டையைப் பிரித்தேன். கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டு, பதில் வரும் முன்பே சமையல்காரம்மாவை அடுப்பு மூட்டச் சொன்னேன். அவளும் அன்று கேலி பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் அம்மா வந்தாள். தலையில் மல்லாட்டை மூட்டை, முழங்கால்வரை செம்மண். ஊருக்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். குடிசைக்குப் போகாமல் நேராக எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கும்பிடுவாள் என்று நினைத்தேன்.

"லீவுன்னா ஒரு வார்த்த முன்னாடி சொல்லக் கூடாதா சார்? ஸ்கூல்ல சோறு போடுவீங்கன்னு தான நம்பிப் போனேன்? இல்லன்னா போயிருப்பனா?"

பெண் ஓடிப்போய் அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா தம்பியை வாங்கி, அவன் விலாவை விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"எத்தினி நாளு சார் பட்டினியா கெடந்துதுங்க?"

இரண்டு. புதன், வியாழன். புதன்கிழமை காலி வட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு வீட்டுக்குப் போனவன் நான்.

"ஒரு நாள்தாம்மா" என்றேன்.

பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு எண்ணத் தெரியும், நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை.